கடுகு ஆணி வைத்த பீரங்கி வண்டி

பாகூர்க் கடைத்தெருவில், செல்லப்பன் சவரக்கடை வாசலில், பட்டப்பகலில், முப்பது பேர் பார்க்கத் தெய்வநாயகம் தன் மீசையைப் பந்தயம் கட்டினார்.

சாதாரண மீசை இல்லை. முதல் உலக யுத்தம் முடிந்து பிரான்சு தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மீசை. இரண்டு முனையும் வானத்தைப் பார்க்கும். இடது முனை கொஞ்சம் அதிகமாகப் பார்க்கும். அதற்கென்று தனி எண்ணெய், தனிச் சீப்பு. பட்டாளத்துக்குப் போய் வந்தவனை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். தெய்வநாயகம் வெறும் சொல்தா இல்லை. டாங்கி என்கிற பீரங்கி வண்டி ஓட்டிய சொல்தா. அப்படித்தான் பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரும் கேட்டுக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தவன் யார்?

பச்சையப்பன் மட்டும் நம்பவில்லை. அவன் பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்து வீட்டுக்காரன் எதைத்தான் நம்புவான்?

"இன்னா சொல்தா, அந்த வண்டிக்கு எத்தினி சக்கரம்?"

"எண்ண முடியாது."

"ஓட்டனவருக்கே எண்ண முடியாதா?"

"ஓட்டறவன் உள்ள உக்காந்துகினு வெளிய கீற சக்கரத்த எப்பிட்றா எண்ணுவான்?"

கூட்டம் சிரித்தது. யார் பக்கம் சிரித்தது என்று தெரியவில்லை. தெய்வநாயகத்துக்குச் சுருக்கென்றது.

"சொன்னா ஒனக்கு வெளங்காது. அப்பிடியே செஞ்சு காட்டறேன், பாத்துக்க!"

வாய் முந்திக்கொண்டது. அன்று காலைதான் தண்டோரா போட்டிருந்தார்கள். பிரெஞ்சு சர்க்காரின் ஜூலை பதினாலாம் தேதிப் பண்டிகைக்கு மேரியில், அதாவது கொம்யூன் ஆபீசில், கைவேலைக் காட்சி. புதுச்சேரியிலிருந்து ஒரு பட்டாளத்துக் கப்பித்தேன் துரை வந்து பார்த்து முதல் பரிசாகச் சுவர்க் கடிகாரம் தருவார். அந்தத் துரை யுத்தத்தில் நிஜமாகவே டாங்கிக்குள் உட்கார்ந்தவராம்.

"சரி. தொரை பாத்துட்டு, இது டாங்கியே இல்லன்னுட்டா?" என்றான் பச்சையப்பன்.

"மீசைய எடுத்துட்றேன்."

"டாங்கிதான்னு சொல்லிட்டா?"

"நீ மொட்டை அடிச்சுக்க."

செல்லப்பன் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தான். எப்படியும் அவனுக்கு ஒரு தலை நிச்சயம்.

காய் வாங்க வந்த தையலம்மாள், தெய்வநாயகத்தின் பெண்சாதி, கூட்டத்தின் ஓரத்தில் கூடையோடு நின்றிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பந்தயம் வண்டிக்குத்தான அண்ணே? ஓட்டனதுக்கு இல்லியே?"

"வண்டிக்குத்தாம்மா," என்றான் பச்சையப்பன்.

"அதான் கேட்டேன்." போய்விட்டாள்.

பெண்டாட்டிக்கே தன்மேல் நம்பிக்கை இல்லையே என்று தெய்வநாயகம் வருத்தப்பட்டார். வருத்தப்பட நேரம் இல்லை. இருபது நாள்தான் இருந்தது.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடி வைத்துக் கடைசியில் திறந்து காட்ட எனக்குப் பொறுமை கிடையாது. தெய்வநாயகம் டாங்கி ஓட்டவில்லை. டாங்கியில் ஏறவில்லை. பிரான்சில் இருந்த இரண்டு வருஷமும் ஒரு பட்டாளத்துச் சமையல் கொட்டகையில் மணை போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். மூட்டை மூட்டையாக உரித்தார். டாங்கியை ஒரே ஒரு தடவை, கூட்ஸ் ரயிலில் போகும்போது பார்த்தார். மேலே கித்தான் போட்டு மூடியிருந்தது. காற்றில் கித்தான் தூக்கியபோது கீழ்ப்பாதி தெரிந்தது. முன்னால் பெரிய சக்கரம், பின்னால் சின்னச் சின்னதாகச் சக்கரங்கள், எல்லாவற்றையும் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. உச்சியில் கித்தானுக்குள் ஏதோ உருண்டையாகப் புடைத்திருந்தது. அவ்வளவுதான். ரயில் போய்விட்டது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பதினேழு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று மீசை. இன்னொன்று ஒரு குட்டிக் கத்தி. வளைந்த அலகு, மரப்பிடி, பிடியில் ஏதோ பிரெஞ்சு எழுத்து. "இதால எட்டுப் பேர குத்தனேன்" என்பார். சுவரில் மாட்டியிருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தையலம்மாள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவாள். உருளைக்கிழங்குக் கத்திக்குக் கற்பூரம் காட்டிய வீடு பிரெஞ்சு ராச்சியத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

அந்தக் கத்தியோடு அவர் களத்துமேட்டுக் கொட்டகைக்குப் போன அன்று காலையில் தையலம்மாள் வழி மறித்தாள்.

"ஏங்க, தங்கச்சிக்கு ஆடி மாசம் நாள் குறிச்சிருக்காங்க. தலைப்பிரசவம். எங்கம்மாவுக்குக் கண்ணும் சரியா தெரியல. ஒரு மாசம் சுத்துக்கேணிக்குப் போயிட்டு வரட்டா?"

"சோறு?"

"நீங்களே பொங்கிக்கங்க."

"நானா? எனக்கு வென்னீர் வெக்கத் தெரியாதுடி! சொல்தாவுக்குச் சண்டை போடத்தான் தெரியும்."

இது புதுப் பதில் இல்லை. அவள் தன் தம்பி கல்யாணத்துக்குப் போனபோது இதே பதிலைச் சொல்லி மூன்றாம் நாளே திருப்பி வரவழைத்தார். அப்பா சாவுக்குப் போனபோது கருமாதிவரை இருக்க விடவில்லை. தையலம்மாள் சுவரில் கத்தி இல்லாத ஆணியை ஒரு தடவை பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள்.

கொட்டகையில் வேலை நடந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. கல்யாண முருங்கைக் கட்டையில் சக்கரம் செதுக்கினார். முன்னால் இரண்டு பெரிது, பின்னால் சின்னது பதினெட்டு. இரும்புப் பட்டைக்கு மண்ணெண்ணெய்த் தகரத்தை விரலகலத் துண்டாக வெட்டி, ஓரம் மடித்து, ஒன்றோடு ஒன்று கோத்தார். பக்கத்துக்கு முப்பத்திரண்டு துண்டு. கோக்கக் கம்பி வேண்டும். தையலம்மாளின் கொண்டை ஊசிகள் அளவெடுத்தாற்போல் இருந்தன.

அங்கிருந்து ஆரம்பித்தது. கதவு மூட்டுக்கு ஊக்கு. எஞ்சின் காற்றுத் துவாரத்துக்குச் சல்லடை. உச்சியில் அந்த உருண்டைக்கு என்ன செய்வதென்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். மூன்றாம் நாள் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழைப் பார்த்தார். பித்தளை. குமிழ் மூடி. கித்தானுக்குள் புடைத்தது அச்சாக அதுதான்!

பீரங்கிக் குழாய்க்கும் புகைக் குழாய்க்கும் அடுப்பு ஊதும் ஊதாங்குழலை அரம் போட்டு அறுத்தார். ஒரு முழக் குழல் ஒரு சாண் ஆயிற்று.

"ஏங்க, ஊதாங்குழலு குட்டையா போச்சே?"

"வெயிலு. சுருங்கும்."

"பித்தளையா?"

"பிரான்சுல நான் பாத்திருக்கேன். பீரங்கியே சுருங்கும்."

"அப்பிடியா? குங்குமச் சிமிழும் சுருங்கிடுச்சி போல. காணாத அளவுக்கு."

"காக்கா தூக்கிகினு போயிருக்கும்."

"கொண்டை ஊசி?"

"எலி."

"எலிக்கு ஏதுங்க கொண்டை?"

தெய்வநாயகம் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போனார். தையலம்மாள் சாண் குழலை வைத்து அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். புதுக் குழல் வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. அப்போதாவது தெய்வநாயகத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உடம்பெல்லாம் ஆணிக் கொண்டை வைக்க வேண்டும். இரும்புத் தகடு வண்டி இல்லையா? வரிசை வரிசையாகக் குமிழ் ஆணி இருக்கும். கடுகைப் பொறுக்கி, ஒரே அளவாகப் பார்த்து, புளியங்கொட்டைப் பசையில் ஒவ்வொன்றாக ஒட்டினார். ஒரு பக்கத்துக்கு இருநூறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். தும்மல் வந்தால் வெளியே ஓடிப் போய்த் தும்மினார். முதல் பக்கம் முடிந்ததும் காய வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் வண்டிமேல் கோழி. நூற்றிருபது ஆணியைக் கொத்தி முடித்துவிட்டு நூற்றிருபத்தொன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தது. பிரான்சில் குத்தாத குத்தெல்லாம் அந்தக் கோழியைக் குத்தியிருப்பார். அது ஓடிவிட்டது.

மறுபடி கடுகு. அடுப்படியில் அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

"வூட்ல கடுகு தங்கவே மாட்டேங்குது," என்றாள் தையலம்மாள்.

"எலிதான். வேற யாரு?"

"கடுக திங்கற எலியா?"

"ருசி கண்ட எலி."

"சரி. நான் பாத்துக்கறேன்."

கடுகை மேல் பரணில் ஒரு சட்டியில் போட்டு வைத்தாள். மறுநாள் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துத் தெய்வநாயகம் உரல்மேல் ஏறிச் சட்டிக்குள் கையை விட்டார்.

டப்.

அவர் போட்ட சத்தத்தில் பச்சையப்பன் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. தையலம்மாள் குடத்தோடு வாசலில் நின்றாள். உரல்மேல் சொல்தா. கட்டை விரலில் எலிப்பொறி.

"மாட்டிக்கிச்சா?" என்று குடத்தை இறக்கினாள். "அட, மீசகூட கீதே இந்த எலிக்கு!"

கட்டை விரல் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. இன்னும் ஆறு நாள். முன்னூறு ஆணி பாக்கி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பாக்கி. சங்கிலி பாக்கி. அந்தக் கையால் கடுகை எடுப்பது எங்கே? சோற்றை எடுப்பதே கஷ்டம். தெய்வநாயகம் உட்கார்ந்து மீசையைத் தடவிப் பார்த்தார். இடது கையால். கடைசியாகத் தடவுவதுபோல் இருந்தது.

வேறு வழியில்லை. அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்த் துணியை எடுத்துக் காட்டினார்.

தையலம்மாள் வண்டியைச் சுற்றி வந்தாள். தன் கொண்டை ஊசியைப் பார்த்தாள். தன் சல்லடையைப் பார்த்தாள். சிமிழைத் திறந்து, ஒரு விரல் குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு மூடினாள்.

"நல்லாத்தான் கீது," என்றாள். "மிச்சத்த நான் ஒட்டித் தரேன். ஒண்ணு மட்டும். காட்சிக்கு நானும் வருவேன்."

"வாயேன்! யாரு வேணான்னா?" இவ்வளவு மலிவாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை.

ஆறு நாளும் அவள் ஒட்டினாள். அவர் ஒரு மணி நேரத்தில் ஒட்டியதை அவள் கால் மணியில் ஒட்டினாள். கோலத்துக்குப் புள்ளி வைத்த கை. வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. விளக்குச் சங்கிலியை அவளே அறுத்து முன்னால் மாட்டினாள்.

"பின்னாடி இன்னா தொங்கும்?"

"ஒண்ணும் தொங்காது."

"வண்டின்னா பின்னாடி ஏதாவது தொங்கணுங்க."

"டாங்கி ஓட்டனவன் நானா, நீயா?"

"நீங்கதான்," என்றாள்.

ஜூலை பதினாலு. மேரி வாசலில் நீலம், வெள்ளை, சிவப்புக் கொடி. உள்ளே நீள மேசை. பிரம்புக் கூடை, நெல்மணிக் கோயில், பனையோலை விசிறி, நடுவில் துணி மூடிய டாங்கி. பச்சையப்பன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்திருந்தான். அவன் பின்னால் செல்லப்பன், கிண்ணத்தில் தண்ணீரோடு.

கப்பித்தேன் துரை வந்தார். வயசாளி. ஒரு காது பாதிதான் இருந்தது. கூட மேரி குமாஸ்தா நாகராஜன். பிரெஞ்சைத் தமிழாக்க அவர்தான். துரை கூடையை ஒரு பார்வை, கோயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். தெய்வநாயகம் துணியை எடுத்தார்.

துரை நின்றார்.

குனிந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். விரலால் பட்டையைத் தள்ளினார். முப்பத்திரண்டு தகரத் துண்டும் சக்கரத்தைச் சுற்றி ஓடின. ஆணி வரிசையைத் தடவினார். மோந்து பார்த்தார். உச்சிச் சிமிழைத் திறந்தார். விரல் சிவப்பானது. சிரித்தார். பிறகு பின்பக்கம் போனார். அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

தெய்வநாயகம் எட்டிப் பார்த்தார். டாங்கியின் வாலில் ஒரு சின்ன மண்பானை தொங்கியது. குழந்தைகள் சோறாக்கி விளையாடும் சொப்பு! நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். போச்சு. மீசை போச்சு. திரும்பிப் பெண்சாதியை முறைத்தார். அவள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை மெதுவாகப் பேசினார். நாகராஜன் சொன்னார்:

"இது டாங்கிதான்கிறார். அச்சு அசல்னு சொல்றார். அவங்க வண்டிப் பின்னாலயும் இப்படி ஒரு பானை தொங்கிச்சாம். எந்தப் படத்திலயும் அது இருக்காதாம். கூட இருந்தவனுக்குத்தான் தெரியுமாம்."

ஜனங்கள் 'ஆ' என்றார்கள். பச்சையப்பன் கை தானாகத் தலைக்குப் போயிற்று. தெய்வநாயகத்தின் மீசையில் இடது முனை இன்னும் ஒரு விரற்கடை ஏறியது.

"நீ எந்த வண்டியில இருந்தேன்னு கேக்கறார்," என்றார் நாகராஜன். "எஞ்சினை எப்படிக் கிளப்புவேன்னும் கேக்கறார். பிரெஞ்சுலயே சொல்லலாமாம்."

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தனையும் சமையல் கொட்டகைப் பிரெஞ்சு. அதில் முதலில் வருவது முதலில் வந்துவிட்டது.

"பொம் தெ தேர்," என்றார்.

உருளைக்கிழங்கு என்று அர்த்தம்.

துரை நாகராஜனைப் பார்த்தார். நாகராஜன் கூரையைப் பார்த்தார். அப்போது தையலம்மாள் முன்னே வந்தாள். இடுப்பிலிருந்து எதையோ எடுத்துத் துரையிடம் நீட்டினாள்.

"ஐயாகிட்ட சொல்லுங்க. வண்டி பூராவும் இந்தக் கத்தியாலதான் செஞ்சாரு. பிரான்சுல இருந்து கொண்டாந்தது."

துரை கத்தியைத் திருப்பினார். பிடியில் இருந்த எழுத்தைப் படித்தார். அலகில் ஒட்டியிருந்த பழைய குங்குமத்தைப் பார்த்தார். பிறகு அந்த மேரியே அதிரச் சிரித்தார்.

"பட்டாளத்துச் சமையல்கட்டுக் கத்தியாம்," என்றார் நாகராஜன், தரையைப் பார்த்தபடி. "கிழங்கு உரிக்கற கத்தியாம்."

அப்புறம் பாகூரே சிரித்தது. பச்சையப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெய்வநாயகம் பூமி பிளக்கும் என்று காத்திருந்தார். பிளக்கவில்லை. துரை அவரைக் கட்டிப் பிடித்தார். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்! ஆம்பளைக்கு ஆம்பளை, நடுச் சபையில்.

நாகராஜன் தொண்டையைச் செருமினார். "நாலு நாள் வண்டிக்குள்ள பட்டினி கெடந்தாங்களாம். அஞ்சாம் நாள் குண்டு விழற எடத்துல ஒரு தமிழ்ச் சொல்தா கிழங்குக் கஞ்சி தூக்கிகினு வந்தானாம். தளபதி பேரெல்லாம் மறந்துபோச்சாம். அந்தக் கஞ்சி மறக்கலியாம். நீ எத்தினி பேருக்கு ஆக்கினேன்னு கேக்கறார்."

தெய்வநாயகம் உரித்ததோடு சரி. ஆக்கியது கிடையாது. ஆனால் சபை அவரைப் பார்த்தது. இப்போது வேறு மாதிரி பார்த்தது. அவருக்கு மார்பு விம்மியது.

"நானூறு பேருக்கு!" என்றார்.

"நானூறு பேருக்கா?" என்றாள் தையலம்மாள், கன்னத்தில் கைவைத்து.

"பின்ன? மூணு வேளையும்!"

"ஒத்த ஆளாவா?"

"ஒத்த ஆளா! கஞ்சி, கொழம்பு, கறி, எல்லாம் இந்தக் கைதான்!"

தையலம்மாள் திரும்பி ஊரைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுகினீங்கதான?"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

"ஏம்மா, அப்ப இவுரு ஓட்டவே இல்லியே!" என்று கத்தினான் பச்சையப்பன்.

"பந்தயம் வண்டிக்குத்தாண்ணே. நீங்கதான சொன்னீங்க?"

செல்லப்பன் கிண்ணத்தோடு பச்சையப்பன் பக்கம் திரும்பினான்.

கடிகாரம் தெய்வநாயகத்துக்கு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராஜாவைப் போல வீட்டுக்கு வந்தார்.

"அது சரி. டாங்கில பானை தொங்கும்னு ஒனக்கு எப்பிட்றி தெரிஞ்சுது?"

"நம்மூரு வண்டிலெல்லாம் தொங்குது. அந்தூரு வண்டிக்காரனுக்கு மட்டும் பசிக்காதா?"

"கத்தி? அது எப்பத்துலேந்து தெரியும்?"

"நீங்க வந்த மொத வருசம். சக்கரவள்ளிக் கிழங்கு ஒண்ண கையில குடுத்துட்டு வந்தேன். பேசிகினே உரிச்சீங்க. தோலு அறாம ஒரே கொடியா வந்துது. எட்டுப் பேர குத்தனவன் அப்பிடி உரிக்க மாட்டான்."

பதினேழு வருஷம்! தெய்வநாயகம் கடிகாரத்தைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை வாசலில் மாட்டுவண்டி. தையலம்மாள் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"சுத்துக்கேணிக்கு. ஒரு மாசம்."

"சோறு?"

அவள் தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஜனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குப் போன எதிர் வீட்டுத் தனக்கொடி குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "நானூறு பேருக்கு ஆக்கனவருக்கு ஒரு வவுறு ஒரு பெரிசா மாமா?"

தெய்வநாயகம் மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனார். கடிகாரம் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தது. கத்தி அரிவாள்மணைப் பக்கத்தில் இருந்தது. விறகு ஈரமாக இருந்தது. ஊதாங்குழலைத் தேடி எடுத்தார். வெளியே ஓடிவந்தார்.

"ஏய் தையலு! கொழலு ஒரு சாண்தான கீது! மூஞ்சி அடுப்புக்குள்ள போவுதுடி!"

வண்டி நகர்ந்துவிட்டது. அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"வெயில்ல சுருங்கிடுச்சிங்க! ஆடி மழைக்கு நீளும்!"

மூன்றாம் நாள் தெய்வநாயகம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செல்லப்பன் கடையில் போய் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார். வலது முனை வானத்தைப் பார்த்தது. இடது முனை கருகிப் போயிருந்தது.

"இன்னா சொல்தா, பந்தயத்துலதான் ஜெயிச்சிட்டியே?" என்றான் பக்கத்தில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த பச்சையப்பன்.

"பேசாம எடுப்பா," என்றார் தெய்வநாயகம் செல்லப்பனிடம். "அடுப்புல சோறு கீது."